பதினேழாம் இடம்

ஜனவரி 15, ஞாயிறு

இந்த நாட்குறிப்பு சொட்டு மருந்துக்காக வாங்கப்பட்டது. ரெமிஜியுசுக்கு ஒரு நாளில் நான்கு முறை சொட்டு மருந்து போட வேண்டும். எந்தக் கண்ணில் எத்தனை மணிக்கு எத்தனை சொட்டு என்று எழுதி வைக்கும்படி மருத்துவர் சொன்னார். கோடு போட்ட இவ்வளவு பெரிய பக்கத்தில் "காலை 8, வலது 1, இடது 2" என்று மட்டும் எழுதுவது காகிதத்துக்குச் செய்யும் அநியாயம். ஆகவே மற்றவற்றையும் எழுதுகிறேன்.

என் கணவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. ஓரங்கள் தெரியும், நடுவில் கறுப்பு. வாசற்கதவின் நிலை தெரியும், அதில் வந்து நிற்பவர் தெரியமாட்டார். பதினெட்டு ஆண்டுகள் சரக்குக் கப்பலில் பொறியாளராக இருந்த மனிதர், தூத்துக்குடியில் தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலியைத் தடவி உட்காருகிறார்.

அவருக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து. அதில் முதல் பிரிவான லா லிகா. அதிலும், ஊரெல்லாம் அறிந்த ரியல் மாட்ரிட்டோ பார்சிலோனாவோ அல்ல. காடிஸ் என்ற துறைமுக நகரத்தின் மஞ்சள் சட்டை அணி. பெரும்பாலும் தோற்கும். ஆங்கில வருணனை அவருக்குப் பயன்படுவதில்லை. பார்க்கிறவர்களுக்காகப் பேசுகிறார்கள், பந்து எங்கே இருக்கிறது என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொல்கிறார்கள்.

சென்ற ஞாயிறு, மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் உலகம்மாள், தான் தந்த மீன் குழம்புக் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிப் போக வந்தாள். தொலைக்காட்சியைப் பார்த்தபடியே நின்று, "இந்தா, மஞ்சச் சட்டக்காரன் விழுந்துட்டான், அண்ணாச்சி" என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிண்ணம் இன்னும் வரவேற்பறையில்தான் இருக்கிறது.

ஜனவரி 16, திங்கள்

காலை 8, நண்பகல் 12, மாலை 4, இரவு 8. தண்ணீர் வரவில்லை.

ஜனவரி 22, ஞாயிறு

உலகம்மாளுக்கு அறுபத்தாறு வயது. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள். தென்காசிப் பக்கம் சொந்த ஊர். ஒரு பெரிய ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் புவியியல் கற்பித்தவள் நான். உலகம் என்னவோ அவள் பெயரில் இருக்கிறது.

இன்று காடிஸ், செல்டா என்ற அணியோடு மோதியது. அவள் மைதானத்தை மூன்று பிளாட்பாரங்களாகப் பிரித்துக்கொண்டாள். இடது ஓரம் ஒன்றாம் பிளாட்பாரம், நடு இரண்டு, வலது மூன்று. "மூணாம் பிளாட்பாரத்துல வாரான் அண்ணாச்சி. ஒருத்தன் மறிக்கான். இவன் நிக்கல, த்ரூ டிரெயின். இந்தா ரெண்டாம் பிளாட்பாரத்துக்கு மாத்திட்டான். அடிச்சான். உள்ள." இவ்வளவும் பதற்றமே இல்லாத குரலில். ஊரெல்லாம் கேட்டு ஊரெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரல். ஆட்டம் இரண்டுக்குப் பூஜ்யம், காடிசுக்கு வெற்றி.

ரெமிஜியுஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்தேன். யோசிப்பதில் பயனில்லை. ஊளி மீன் வாங்கியிருந்தேன், வறுத்தேன். அவளும் சாப்பிட்டாள். உப்பு குறைவு என்றாள்.

பிப்ரவரி 5, ஞாயிறு

உலகம்மாள் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தாள். நானே வருணனை செய்வதாகச் சொன்னேன். ஒரு வாரமாகத் தயாரித்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

காடிஸ் ஒரு மெல்லிய மணல்திட்டால் நிலத்தோடு இணைக்கப்பட்ட நகரம் என்பதையும், மூன்று புறமும் கடல் சூழ்ந்திருப்பதால் காற்றின் திசை மைதானத்தில் பந்தின் போக்கைப் பாதிக்க வாய்ப்புண்டு என்பதையும் விளக்கினேன். எதிரணியான அத்லெட்டிக், பாஸ்க் நாட்டில் பிறந்த அல்லது வளர்ந்த ஆட்டக்காரர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் வழக்கமுடையது என்றேன். "ஆகவே" என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது பக்கத்து வீட்டில் யாரோ கத்தினார்கள். கோல் விழுந்திருந்தது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஃபிலோ, நீ சொல்லுதது பாடம்லா" என்றார் ரெமிஜியுஸ். கோபமில்லாமல்தான் சொன்னார். "நீயே கோல் போட்டாலும் ஆகவேன்னு சொல்லிட்டுத்தான் போடுவ."

என் மாணவிகளில் பதினோரு பேர் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். இது பதிவுக்காக.

பிப்ரவரி 6, திங்கள்

உலகம்மாள் திருமண வீட்டு முறுக்கோடு வந்தாள். நேற்றைய ஆட்டத்தை விசாரித்தாள். "உங்கக்கா சொன்னா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர். இரக்கத்தைவிட ஏளனம் மேல்.

தன் பழைய வேலையைப் பற்றி அவளே பேசிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்து துண்டுச் சீட்டு வரும். கைக்கு வந்த சீட்டை உடனே வாசித்துவிட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. ஒருமுறை, பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்த பயணியின் பெயரைச் சொல்லி உறவினர்கள் வரும்படி இரண்டு தடவை அறிவித்திருக்கிறாள். சீட்டைக் கம்பியில் குத்தும்போதுதான் அது தன் சொந்தப் பெரியப்பா பெயர் என்பது உறைத்ததாம். குரல் முதலில் போகும், புத்தி அடுத்த வண்டியில் வரும் என்று சொல்லித் தானே சிரித்தாள். அவரும் சிரித்தார்.

சிந்திக்காமல் பேசுவதை ஒரு தொழிலாகவே செய்திருக்கிறாள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கூடத்தில் பேச்சு. ஒட்டுக் கேட்கவில்லை, எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை.

ஏன் இந்த அணி என்று உலகம்மாள் கேட்டாள். நாற்பத்தைந்து ஆண்டு திருமண வாழ்க்கையில் நான் கேட்காத கேள்வி. அவர் கப்பலிலிருந்து வரும்போதெல்லாம் நான் துறைமுகங்களின் மழையளவையும் சரக்குகளையும் கேட்டுக் குறித்துக்கொள்வேன், வகுப்புக்கு உதவும் என்று.

எழுபத்தெட்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் உந்துதண்டு பழுதாகி, கப்பல் காடிஸில் பழுதுபார்க்கும் தளத்தில் மூன்று வாரம் நின்றதாம். எங்களுக்கு அப்போது திருமணமாகி ஒரு ஆண்டுகூட ஆகவில்லை. நாற்பது நாட்களாக வீட்டிலிருந்து கடிதம் இல்லை என்றார். ஒரு ஞாயிறு, என்ன செய்வதென்று தெரியாமல், கூட்டம் போன திசையில் இவரும் போக, அது மைதானமாக இருந்தது. மஞ்சள் அணி தோற்றது. பக்கத்திலிருந்த கிழவர், மொழி தெரியாத இவர் கையில், தாம் கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதைகளில் பாதியைக் கொட்டினாராம். "அன்னைக்கு அந்தாளு குடுக்கலைன்னா நான் கப்பலுக்குத் திரும்பியிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்குத் தெரிந்த கதை, கப்பல் பழுதானது என்பதோடு முடிகிறது.

அது நாற்பது நாள் அல்ல. முப்பத்து நான்கு. அப்போது நான் ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருந்தேன்.

கத்தரிக்காய் கறுத்துவிட்டது.

மார்ச் 5, ஞாயிறு

பயனுள்ள தகவல். இந்த லீக்கில் இருபது அணிகள்; முப்பத்தெட்டுச் சுற்றுகள் முடிந்ததும் கடைசி மூன்று அணிகள் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்படும். அந்த இரண்டாம் பிரிவை நம் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. காடிஸ் இன்று பத்தொன்பதாவது இடத்தில் இருக்கிறது.

அதாவது, ஜூன் மாதத்தோடு உலகம்மாளுக்கு என் வீட்டில் ஞாயிறுகளில் வேலை இருக்காது.

இன்று அவளுக்கு நானே காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருப்பதாகச் சொன்னாள்.

மார்ச் 20, திங்கள்

மடிக்கணினியில் லீக்கின் விதிமுறைகள் முழுவதையும் படித்து ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறேன். எதிரியின் வீழ்ச்சியை விரும்புகிறவர் அதன் நிபந்தனைகளையாவது அறிந்திருக்க வேண்டும். ஒரு விதி சற்று நுட்பமானது. இரண்டு அணிகள் சமப் புள்ளிகளில் முடித்தால், மொத்த கோல் வித்தியாசத்தை முதலில் பார்ப்பதில்லை. அவ்விரண்டும் தமக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களை எடுத்து, அவற்றில் எது மேலோ அதற்கே முன்னிடம். மற்றப் பதினெட்டு அணிகளும் அங்கே பொருட்டில்லை.

நியாயமான விதி. உலகம்மாளுக்கு இது தெரியாது. செய்தித்தாளில் வரும் அட்டவணையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கோல் வித்தியாசத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கும் ஒரு நேரம் உண்டு.

ஏப்ரல் 16, ஞாயிறு

செல்டாவின் ஊரான விகோவில் ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம், செல்டாவுக்கு வெற்றி. காலைப் பூசைக்குப் பிறகு பனிமய மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தேன். கண்ணுக்காகவா என்று ரெமிஜியுஸ் கேட்டார். ஆம் என்றேன். செல்டாவுக்காக ஏற்றினேன். மாதாவுக்குத் தெரியும், அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

உலகம்மாளுக்குக் காய்ச்சல். ரெமிஜியுஸ் ஆங்கில வருணனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னை அழைப்பார் என்று கூடத்தில் ஜன்னல் திரைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று திரைகள், இரண்டு முறை மடித்தேன். பதினைந்தாவது நிமிடத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். "உலகம்மாளுக்கு ரசம் குடுத்துட்டியா?" என்று கேட்டார்.

கொடுத்தேன். மிளகு கூடுதலாகப் போட்டேன், காய்ச்சலுக்கு நல்லது.

மே 14, ஞாயிறு

இந்த ஆண்டுக்கான பட்டத்தை ஏற்கெனவே வென்றுவிட்ட அணி இன்று காடிசுக்கு வந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கமாம்: அப்படி வருகிறவர்களுக்கு, எதிரணியினர் இரண்டு வரிசையாக நின்று கைதட்டி நடுவில் வழி விடுவார்கள். "மஞ்சச் சட்டக்காரனுக எல்லாம் கைதட்டுதானுக, அண்ணாச்சி. மொகத்த மட்டும் கீழ போட்டுருக்கானுக" என்றாள் உலகம்மாள்.

தம்மை மிஞ்சியவனுக்குத் தாமே வழிவிட்டுக் கைதட்டுவது. இதைவிட அநாவசியமான நாகரிகத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

மே 28, ஞாயிறு

நிலவரம்: இரண்டு அணிகள் கீழே போவது உறுதியாகிவிட்டது. மூன்றாவது யார் என்பது காடிசுக்கும் செல்டாவுக்கும் இடையில். செல்டா 39 புள்ளி, காடிஸ் 38. அடுத்த ஞாயிறு கடைசிச் சுற்று. ஒருவர் முடிவைப் பார்த்து மற்றவர் ஆடிவிடக் கூடாதென்று இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். நம் நேரப்படி மாலை ஐந்தரை.

"ஒரு ஆளால முடியாது. ரெண்டு பேரு வேணும்" என்றார் ரெமிஜியுஸ். தொலைக்காட்சியில் காடிசை உலகம்மாள் பார்ப்பாள். கைப்பேசியில் செல்டாவை நான். ஐந்து அங்குலத் திரை எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஜூன் 3, சனி

இன்னொரு மெழுகுவர்த்தி. பெரியது.

ஜூன் 4, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்தரைக்குத் தொடங்கியது. தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்தினோம். நடுவில் ரெமிஜியுஸ், வலது பக்கம் உலகம்மாள், இடது பக்கம் நான். காடிசின் எதிரணி ஒசாசூனா. அந்தச் சொல்லுக்குப் பாஸ்க் மொழியில் ஆரோக்கியம் என்று பொருள். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டபோது மட்டும் செல்டாவின் நிலையைச் சொன்னேன். "பூஜ்யம், பூஜ்யம்." பிறகு, "செல்டா ஒரு கோல் வாங்கிவிட்டது." ரெமிஜியுஸ் என் பக்கம் திரும்பி, "நெசமாவா ஃபிலோ?" என்றார். ஐந்து மாதங்களில் ஒரு ஞாயிறு மாலையில் அவர் என் பக்கம் திரும்பியது அதுதான் முதல் முறை. என் மெழுகுவர்த்தி வீண் என்பதை அந்த நிமிடத்தில் நான் பொருட்படுத்தவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

காடிஸ் முதலில் ஒரு கோல் வாங்கியது. எழுபதாவது நிமிடத்தில் ஒன்று போட்டது. உலகம்மாள் எழுந்து நின்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போனது. அனல்மின் நிலையம் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்பும் நகரம் எங்களுடையது.

கைப்பேசியிலும் படம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெறும் எண்கள் வந்தன. காடிஸ் ஒன்று, ஒசாசூனா ஒன்று, ஆட்டம் முடிந்தது. செல்டா இரண்டு கோல் வாங்கித் தோற்றது, ஆட்டம் முடிந்தது. வாசித்தேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் முப்பத்தொம்பது" என்றார் அவர்.

உலகம்மாள் என் கைப்பேசி வெளிச்சத்தில் தன் செய்தித்தாள் துண்டைப் பிடித்துப் பார்த்தாள். காடிசுக்குக் கோல் வித்தியாசம் மைனஸ் இருபத்துமூன்று, செல்டாவுக்கு மைனஸ் பதினான்கு. பார்த்ததும் அதை மடித்துவிட்டாள்.

"உலகம்மா, சொல்லு."

"போச்சு அண்ணாச்சி" என்றாள். அவள் குரல் உடைந்து இதற்கு முன் நான் கேட்டதில்லை.

நான் இரண்டரை மாதமாகக் காத்திருந்த தவறு அது. விதி என் குறிப்பேட்டில் பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. திருத்துவதற்கும் ஒரு நேரம் உண்டு என்று எழுதியிருந்தேன். அது அந்த நேரம். திருத்தாமல் இருப்பதற்கும் அதுவே நேரம். மறுநாள் எப்படியும் தெரியத்தான் போகிறது. ஆனாலும் அந்த ஒரு மாலை, நான் மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டது அப்படியே என் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. சுமார் அரை நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெமிஜியுஸ் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். யாரிடமும் என்றில்லாமல் சொன்னார்: "இனி ஞாயித்துக்கிழம என்ன செய்ய?"

கைப்பேசி வெளிச்சத்தில் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். எழுதினேன். உலகம்மாளின் கையில் வைத்து, வெளிச்சத்தை அதன்மேல் பிடித்தேன்.

சீட்டு கைக்கு வந்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. கேள்வி கேட்கவில்லை. இருட்டுக்குள், எந்த நடுக்கமும் இல்லாமல், அந்தக் குரல் புறப்பட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காடிஸ், செல்டா இரண்டும் சமப் புள்ளிகள். இந்த லீக்கில் மொத்த கோல் வித்தியாசம் முதலில் பார்க்கப்படாது. இவ்விரு அணிகளும் தம்முள் ஆடிய இரண்டு ஆட்டங்களே கணக்கு. அவற்றில் காடிஸ் இரண்டு கோல், செல்டா ஒரு கோல். ஆகவே காடிஸ் பதினேழாம் இடம் பெற்று முதல் பிரிவிலேயே நீடிக்கிறது."

பழக்கத்தில் இரண்டாம் தடவையும் வாசிக்கத் தொடங்கி, பாதியில் புத்தி வந்து சேர, "அண்ணாச்சி, நாம போகல, இங்கனயேதான் இருக்கோம்" என்று உட்கார்ந்து அழுதாள். அவர் சிரித்தார். தொடையில் தட்டினார்.

நானே ஏன் சொல்லவில்லை என்றால், நான் சொன்னால் பாடமாகிவிடும். தவிர, அறிவிப்பது அவள் தொழில்.

எட்டு மணிச் சொட்டு, மின்சாரம் வந்த பிறகு, எட்டு இருபதுக்குப் போடப்பட்டது.

ஜூன் 5, திங்கள்

காலைச் சொட்டுக்குத் தலையைச் சாய்த்தபடி ரெமிஜியுஸ் கேட்டார். "நேத்து அந்தச் சீட்ட எழுதுனது யாரு?"

எந்தச் சீட்டு என்றேன்.

"உலகம்மா ஏழு பிறவி எடுத்தாலும் ஆகவேன்னு சொல்ல மாட்டா."

வலது கண்ணில் ஒரு சொட்டு. அசையாமல் இருக்கும்படி சொன்னேன்.

கொஞ்சம் பொறுத்து, காடிசில் தான் மூன்று வாரம் இருந்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தெரியும் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். சுவர்கள் மெல்லியவை என்றேன்.

"நாப்பது நாளு லெட்டர் இல்ல, ஃபிலோ."

"முப்பத்து நாலு."

"நாப்பது."

"முப்பத்து நாலுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கண்ணில் போட்ட மருந்து கன்னத்தில் வழிந்தது, அது மருந்துதான். "நீ எண்ணுனியா?" என்றார்.

அப்போது முப்பத்து நான்கு கடிதங்கள் எழுதத் தொடங்கி ஒன்றையும் முடிக்கவில்லை என்பது ஆய்வேட்டுக்குச் சம்பந்தமில்லாத தகவல், நான் சொல்லவில்லை. நாட்களை எண்ணுவது பெரிய கணக்கல்ல என்றேன்.

புதிய ஆட்டங்கள் ஆகஸ்டில் தொடங்குகின்றன. உலகம்மாள் மாலையில் கிண்ணத்தை எடுத்துப் போக வந்தாள். இரண்டு அணிகள் சமமானால் என்ன ஆகும் என்று மறுபடி விளக்கச் சொன்னாள். விளக்கினேன். பாதி புரிந்தது என்றாள். மீதியைச் சீட்டில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இடது கண்ணுக்கு இரண்டு சொட்டு. ஒன்று வழிந்துவிட்டதால் இன்னொன்று போட்டேன். ஆகவே மூன்று.